முல்லைத்தீவுக்குக் கொண்டுபோன பிழை

நெடுங்கேணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மினிபஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. வவுனியாவிலிருந்து ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்த எனக்கு, கீழே இறங்கி இரண்டு காலில் நிற்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இரு பக்கமும் காடு. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்தது.

"ஒருத்தரும் பதறாதேங்கோ, பத்து நிமிசம்," என்றார் நடத்துநர். அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரம் நீண்டது.

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பாலை மரத்தடியில் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா, கையில் வைத்திருந்த மீன் ரோல்ஸில் ஒன்றை எனக்கு நீட்டினார்.

"என்ன பிள்ளை, பைக்குள்ள தங்கமோ?"

"கம்ப்யூட்டர் சாமான்மா."

"இந்தியாவோ? கதையில தெரியுது."

எந்தக் கதையில் என்று ஒரு கணம் விழித்தேன். பிறகுதான் புரிந்தது, இங்கே பேச்சுக்குப் பெயர் கதை. ரோல்ஸில் மிளகுக் காரம் மூக்கில் ஏறியது. எங்கள் நாகர்கோவிலில் பேருந்து நின்றுவிட்டால் இந்நேரம் நாலு பேர் ஓட்டுநரோடு சண்டை பிடித்திருப்பார்கள். இங்கே எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். என்னால்தான் நிற்க முடியவில்லை.

பையில் இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் பதினொரு விண்மீன் திரள்களின் படங்கள். அவற்றோடு, நான் செய்த ஒரு பிழையும்.

நான் புனேயில் ஒரு வானியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஜெசிந்தா அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், என்னைவிட ஆறு வயது இளையவள், முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை என்று ஊருக்குப் போனவளுக்குத் திரும்பிவர விசா உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. அந்த மாதத்தோடு அவளுடைய பதிவுக் காலமும் முடிகிறது. ஆகவே அவளது வாய்மொழித் தேர்வை இணையவழியாக வைப்பதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒரே நிபந்தனை, நிறுவனத்திலிருந்து ஒருவர் சாட்சியாக அவளோடு நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போகிறேன் என்று கை தூக்கினேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நான் கை தூக்கியதற்கு இன்னொரு காரணம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

பெரிய விண்மீன் திரள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அருகிலுள்ள திரள்களில் இந்த இரண்டின் எடைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. திரளின் நடுப்பகுதி விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடையோ, கருந்துளை ஏறத்தாழ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல். சிறியதற்குச் சிறியது, பெரியதற்குப் பெரியது. வரைபடத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் ஒரு கோட்டையொட்டி வந்து நிற்கும். இது எப்படி நேர்ந்தது? இரண்டும் சேர்ந்தே வளர்ந்தனவா, அல்லது ஒன்று முந்திக்கொள்ள மற்றது பின்னால் வந்து சேர்ந்ததா? தொலைவில் இருப்பவற்றின் ஒளி நம்மிடம் வர நெடுங்காலம் ஆவதால், மிகத் தொலைவில் பார்த்தால் அவற்றின் இளமையைப் பார்க்கலாம். ஜெசிந்தா அப்படிப் பதினொரு இளம் திரள்களை எடுத்துக்கொண்டாள். பதினொன்றும் கோட்டுக்கு மேலே நின்றன. அதாவது, திரளுக்குப் பொருந்தாத அளவுக்குக் கருந்துளை கொழுத்திருந்தது. கருந்துளைதான் முதலில் வளர்ந்தது என்பது அவளுடைய ஆய்வின் முடிவு.

கருந்துளைகளின் எடையைக் கணித்தது அவள். திரள்களின் எடையைக் கணித்தது நான். இருவர் பெயரிலும் ஓர் ஆய்விதழில் கட்டுரையும் வந்துவிட்டது.

கருந்துளைக்குள் விழப்போகும் வாயு சூடேறிச் சுடர்கிறது. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கில் லாரியே தெரியாமல் போவதுபோல, அந்தச் சுடரில் திரள் மறைந்துவிடும். அந்தக் கண்கூச்சத்தைக் கழித்தால்தான் மிஞ்சும் ஒளியை வைத்துத் திரளை எடைபோட முடியும். அதற்கு, தொலைநோக்கி ஒரு தனி விண்மீனை எப்படிப் பரப்பிக் காட்டுகிறது என்று பார்த்து, அந்த வடிவத்தைக் கழிக்கவேண்டும். நான் எடுத்த விண்மீன் படம் வேறு நாளில், கருவியின் வேறு மூலையில் பதிவானது. கூச்சத்தோடு சேர்த்துத் திரளின் ஒளியையும் வெட்டி எறிந்துவிட்டேன். எல்லாத் திரள்களும் உண்மையைவிட மெலிந்து போயின. இதை நான் கண்டுபிடித்தது போன வாரத்துக்கு முந்தைய வார வெள்ளிக்கிழமை. யாரிடமும் சொல்லவில்லை.

நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முல்லைத்தீவு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஜெசிந்தா பேருந்து நிலையத்தில் ஸ்கூட்டியோடு நனைந்தபடி நின்றாள்.

"அக்கா! நான் நினைச்சன் நீங்கள் இண்டைக்கு வரமாட்டீங்கள் எண்டு," என்று கட்டிக்கொண்டாள்.

வீடு நகருக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில். அவளுடைய அம்மா பிலோமினா குசினியிலிருந்து ஓடிவந்து என் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தார். புட்டு, றால் குழம்பு, சம்பல். எங்கள் ஊர்ப் புட்டுக்குக் கடலை, பழம். இங்கே புட்டைக் குழம்பில் குழைத்து அடிக்கிறார்கள். இரண்டாவது தட்டையும் நான் மறுக்கவில்லை. வாயில் புட்டு இருக்கும்வரை பேச வேண்டியதில்லை.

அப்பா மரியதாஸ் கதிரையில் சாய்ந்திருந்தார். சட்டைக்குள் மார்பின் தையல் தெரிந்தது. களப்பிலும் கடலிலும் வலை இழுத்த கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் என்னிடம். "இவ சொல்லுறா அந்தக் கருந்துளை எல்லாத்தையும் விழுங்குமெண்டு. அப்ப அந்தக் கலக்சி எப்பிடி மிஞ்சுது?"

நான் வாய் திறக்குமுன் ஜெசிந்தா முந்தினாள். "எல்லாத்தையும் விழுங்காதப்பா. கிட்டப் போறதைத்தான் விழுங்கும். விழேக்க வாற சூட்டில ஒரு காத்துக் கிளம்பும். அது சுத்தியிருக்கிற வாயுவை வெளியால தள்ளிப்போடும். வாயு இல்லாட்டிப் புது நட்சத்திரம் பிறவாது, கருந்துளைக்கும் சாப்பாடில்லை. ஒண்டை ஒண்டு கட்டுப்படுத்தும். அதாலதான் ரெண்டும் ஒரு அளவில நிக்குதெண்டு சொல்லுகினம். ஆனா என்ர பதினொண்டும் அப்பிடியில்லை!" அவள் முகம் மலர்ந்திருந்தது. "கட்டுப்பாட்டுக்கு முந்தின காலத்தை நாங்கள் பிடிச்சிருக்கிறம். என்னக்கா?"

நான் தண்ணீர் குடித்தேன். "வெள்ளிக்கிழமை இவளுக்காகப் பூசை குடுத்திருக்கிறன்," என்றார் பிலோமினா.

மறுநாள் காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. கரையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடல் மண்ணின் நிறத்தில் புரண்டது. ஒரு படகின் மறைவில் நின்று சொன்னேன்.

"ஜெசிந்தா, என் அளவுல தப்பு இருக்கு. கூச்சம் கழிச்சதுல."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. "எவ்வளவு?"

"சிலதுல ரெண்டு மடங்கு. சிலதுல அஞ்சு, ஆறுகூட இருக்கலாம். ஒண்ணை மட்டும்தான் திரும்பப் போட்டுப் பார்த்தேன்."

"அந்த ஒண்டு?"

"கோட்டுக்கே இறங்கிடுச்சு."

அவள் கடலைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பதினொன்றையும் மனத்துக்குள் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"எப்ப கண்டனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று அந்த இடத்தில்கூடத் தோன்றியது. "பன்னிரண்டு நாள் ஆச்சு."

"பன்னிரண்டு நாள்." அவள் குரல் உயரவில்லை. "இடையில உங்கட இன்டர்வியூவும் நடந்தது, என்ன?"

"ஆமா."

"அதில இந்தப் பேப்பரைக் காட்டினீங்களோ?"

"முதல்ல அதைத்தான் காட்டினேன்."

நிரந்தர வேலைக்கான நேர்முகம் அது. ஐந்து வருடமாக நான் காத்திருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"அப்பாவுக்கு ஒப்பரேசன் நடக்கேக்கையும் நான் உங்கட எண்களை வச்சுத்தான் கணக்குச் செய்துகொண்டிருந்தனான்," என்றாள். "ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்து. அம்மா செபமாலை சொல்லச் சொல்ல, நான் கணக்கு. நீங்கள் ஒரு போன் எடுத்திருக்கலாம்."

அவள் கரையோடு நடந்து போனாள். நான் பின்னால் போகவில்லை.

இரண்டு மணி நேரம் அவளைக் காணவில்லை. பிலோமினா எனக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்து, "எங்க போயிட்டாள் இவள்?" என்று வாசலைப் பார்த்தார். மரியதாஸ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கணக்கில ஏதும் பிழையோ?"

"என் கணக்குல, ஐயா."

"திருத்தலாமோ?"

"நேரம் இருந்தா."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன்.

ஜெசிந்தா வந்ததும் கையை நீட்டினாள். "ஹார்ட் டிஸ்கைத் தாங்கோ. சரியான நட்சத்திரப் படம் அதில இருக்கோ?"

"இருக்கு. எல்லா நாளுக்கும் இருக்கு."

"அப்ப மிச்சம் பத்து. எப்பிடியும் திருப்பிச் செய்யவேணும்."

மடிக்கணினியைத் திறந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அப்பா கதிரையிலிருந்தபடியே யாரிடமோ ஆள் அனுப்பினார். பத்து நிமிடத்தில் நாங்கள் மீன் வாடிக்குப் போனோம். மீன் வாங்கிச் சேர்த்து வைக்கும் கொட்டகை அது. ஐஸ் பெட்டிகளுக்காக ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கணவாயும் பாரையும் நிறைந்த பெட்டிகளுக்கு நடுவே, தலைகீழாய்க் கவிழ்த்த ஒரு பெட்டிமேல் கணினியை வைத்தோம். அண்டத்தின் இளமையை இப்படிப்பட்ட வாசத்தில் நான் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை.

ஒரு திரளுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. படத்தை எடு, அதே நாளின் விண்மீனைத் தேடு, பொருத்து, கழி, மிஞ்சியதை அள. அவள் தேவையான சொல்லைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. "அடுத்தது." "எந்த நாள்?" "திருப்பிப் பாருங்கோ." நான் சொன்ன ஒவ்வோர் எண்ணையும் அவள் தானே ஒருமுறை சரிபார்த்தாள். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டாள்.

இரண்டாவது திரள் கோட்டுக்கு இறங்கியது. மூன்றாவதும். நான்காவது இறங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவதை மூன்று முறை செய்தோம். அது இறங்கவில்லை. கூச்சத்தைச் சரியாகக் கழித்தும் அந்தத் திரள் மெலிந்தே இருந்தது. கருந்துளை கொழுத்தே இருந்தது.

"இது உண்மை," என்றேன்.

"நீங்கள் சொல்லாதேங்கோ," என்றாள். "படம் சொல்லட்டும்."

ஆறாவது இறங்கிவிட்டது. இருட்டத் தொடங்கியதும் வாடிக்காரர் எரிபொருள் தீர்கிறது என்று கையைப் பிசைந்தார். ஆறில் ஐந்து கோட்டில். ஒன்று மேலே. இன்னும் ஐந்து பாக்கி.

வியாழன் காலை வந்த செய்தி அதைவிட மோசம். தேர்வுக்கான இணைப்பு எங்களுக்கு விசுவமடுவில் ஏற்பாடாகியிருந்தது. ஜெசிந்தாவின் பள்ளித் தோழி மகேஸ்வரி அங்கே கணித வகுப்பு நடத்துகிறாள். நல்ல இணையமும் ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போகிறது என்றார்கள். போரின் கடைசி நாட்களில் சிறுமியாக ஜெசிந்தா அந்தப் பாலத்தைக் கடந்ததைப் பற்றி நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். பிலோமினா கணினியையும் டிஸ்கையும் பொலித்தீனில் சுற்றி, மூடியுள்ள ஒரு வாளியில் வைத்து மூடினார். ஓட்டோ பிடித்தோம். வற்றாப்பளைக்குத் திரும்பும் சந்தியில் ஓட்டோக்காரர் கண்ணகி அம்மனை நினைத்து நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒட்டுசுட்டானில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை அழைத்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் ஜெசிந்தாவைக் கேட்டார்: தள்ளி வைக்கலாமா? பதிவை நீட்டிக்க மனுப்போட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

"வேண்டாம் சேர்," என்றாள் அவள். "திருத்தினதையே காட்டுறன். முடிவு மாறினால் மாறட்டும்."

புதுக்குடியிருப்புப் பக்கம் திரும்பி நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஓட்டோ நின்றது. எதிரே சாலையைக் காணவில்லை. ஒரு மதகின் மேலாகச் செந்நீர் குறுக்கே ஓடியது. "இதுக்கு மேல ஏலாது, தங்கச்சி," என்றார் ஓட்டோக்காரர். "தண்ணி இழுக்குது."

மகேஸ்வரியை அழைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுகரையில், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவளுடைய கணவர் முருகையா. அதைத் தண்ணீரில் இறக்கி இந்தக் கரைக்கு ஓட்டி வந்து, "பெட்டியில ஏறிக்கங்க. கம்பிய விடாதீங்க," என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் வந்ததுபோல் இருந்தது. அவருடைய தாத்தா தேயிலை மலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவராம். இவர் நிலக்கடலை போடுகிறார். இதையெல்லாம் பிற்பாடுதான் கேட்டேன். அப்போது கேட்கிற நிலையில் நான் இல்லை.

நடுவழியில் முன்சக்கரம் வெள்ளம் அரித்த ஒரு குழிக்குள் இறங்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. ஜெசிந்தா வாளியை இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவள் இடுப்பையும் பிடித்தேன். தண்ணீர் பெட்டிக்குள் ஏறி முழங்காலை அடித்தது. முருகையா திரும்பிப் பார்க்காமல், "ஆடாதீங்க, ஆடாதீங்க," என்று கத்தினார். இயந்திரம் உறுமியது, நழுவியது, மறுபடி உறுமி மேட்டில் ஏறியது.

கரையேறியும் என் கை அவளை விடவில்லை. "விடுங்கோ அக்கா," என்றாள். இரண்டு நாளில் முதல் 'அக்கா'.

மகேஸ்வரி எங்களுக்கு உலர்ந்த உடை தந்து, சுடச்சுடப் பாண் ரொட்டியும் பருப்பும் போட்டாள். உயரமான பெண், வகுப்பில் பேசிப் பழகிய உரத்த குரல். "சாப்பிட்டுட்டு வேலை பாருங்க. கரண்டுக்கு நான் பொறுப்பு." தகரக் கூரையிட்ட அவளுடைய வகுப்பறையில் உட்கார்ந்து மீதி ஐந்தையும் முடித்தோம். இரண்டு இறங்கின. மூன்று மேலேயே நின்றன. ஆக, பதினொன்றில் ஏழு கோட்டுக்கு வந்துவிட்டன, நான்கு அசையவில்லை.

ஜெசிந்தா பழைய ஸ்லைடில் இருந்த தலைப்பை அழித்தாள். 'கருந்துளை முதலில்' என்று இருந்த இடம் வெறுமையாயிற்று. அங்கே என்ன எழுதுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் படுக்கப் போனாள்.

வெள்ளி காலை பத்து மணி. திரையில் மூன்று தேர்வாளர்கள். விதியை ஒருமுறை படித்தார்கள்: சாட்சி அறையில் இருக்கவேண்டும், பேசக்கூடாது. இணைப்பு பதினைந்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் தேர்வு ரத்து.

ஜெசிந்தா ஆங்கிலத்தில் பேசினாள்; நான் தமிழில் எழுதுகிறேன். முதல் படமாகப் பழைய வரைபடத்தையே போட்டாள். "நீங்கள் படித்த ஆய்வேட்டில் இருப்பது இது. இது பிழை." அடுத்து புதியது. எப்படிப் பிழை நேர்ந்தது, எப்படித் திருத்தினோம் என்று நடுங்காமல் சொன்னாள்.

தேர்வாளர்களில் மூத்தவர், நரைத்த தலையும் மெல்லிய குரலும் கொண்ட பெண்மணி, கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பிழையை யார் கண்டு..."

படம் உறைந்தது. அவர் வாய் பாதி திறந்தபடி நின்றது.

மகேஸ்வரி வெளியே பாய்ந்தாள். கூரையில் மழை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. ஏழாவது நிமிடத்தில் நான் சொன்னேன்: "என் பேரைச் சொல்லு, ஜெசிந்தா. தேதியையும் சொல்லு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் சாட்சி. கதைக்கக்கூடாது."

பதினோராவது நிமிடம் மகேஸ்வரி ஒரு குடையின் கீழ், எங்களுக்கு இணையம் பகிரத் தன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். "இப்பப் பாருங்க!" என்று கத்தினாள். படம் அசைந்தது.

"யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன்."

"அளவெடுத்தவரே," என்றாள் ஜெசிந்தா. "இங்கே சாட்சியாக இருப்பவர்."

"எப்போது?"

"இரண்டு வாரத்துக்கு முன்."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"முந்தநாள்."

மூன்று முகங்களும் திரையின் ஓரத்தில் தெரிந்த என்னை நோக்கித் திரும்பின. நான் பேசக்கூடாது. முகம் எரிந்தது. அந்த எரிவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெண்மணி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "சரி. இரண்டு நாளில் நீங்கள் செய்த வேலையைப் பார்ப்போம். இப்போது உங்கள் முடிவு என்ன? எது முதலில்?"

"ஏழில், இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்திருக்கின்றன என்று சொல்லத் தரவு இடம் தருகிறது," என்றாள் ஜெசிந்தா. "அவ்வளவு இளமையிலேயே அந்த ஒழுங்கு தொடங்கிவிட்டது. இது நான் எதிர்பார்க்காதது. நான்கில் கருந்துளை முந்தியிருக்கிறது. ஏன் அந்த நான்கு மட்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடுகிறேன்."

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் துருவினார்கள். வாயுவின் வேகத்தை அளந்ததில், தூசி மறைத்ததில், அந்த நான்கும் மற்றவற்றைவிடப் பிரகாசமானவை என்பதால் மட்டுமே கண்ணில் பட்டிருக்கலாமா என்பதில். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது என்று சொல்லமாட்டேன். இல்லாத இடத்தில் இல்லை என்றாள். கடைசியில் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கூடிப் பேசினார்கள். நாங்கள் மழைத் தாழ்வாரத்தில் நின்றோம். மகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தேறிவிட்டாள். ஓர் அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுதி மூன்று மாதத்தில் தரவேண்டும். செய்தியைக் கேட்டதும் அவள் அழவில்லை, அப்பாவுக்குப் போன் போட்டு, "ஓமப்பா, ஓம். பிழையைத் திருத்திப்போட்டம்," என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. முருகையா அவித்த நிலக்கடலையை ஒரு சுளகு நிறையக் கொண்டுவந்து வைத்தார். நாலு பேரும் உரித்து உரித்துத் தின்றோம். அப்படிப் பசித்தது.

சனிக்கிழமை அவள் பாலத்தில் வெள்ளம் வடியும்வரை தோழி வீட்டில் தங்கினாள். நான் கிளிநொச்சிக்குப் பேருந்து ஏறினேன். வழியனுப்ப வந்தவள் கைகாட்டவில்லை. பேருந்து திரும்பும்வரை நின்றாள், அவ்வளவுதான்.

கிளிநொச்சியில் அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு தேநீர்க் கடையில் மூலை மேசை பிடித்து, வடையும் பிளேன்ரீயும் சொல்லிவிட்டு, தொலைபேசியில் கடிதத்தை எழுதினேன். எங்கள் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு. நகல், என்னை நேர்முகம் கண்ட குழுவுக்கு. எந்தப் படம், எந்த நாள், எந்த எண்கள் தவறு, எப்போது தெரிந்தது, அதை மறைத்து நேர்முகத்துக்குப் போனது. எழுதி முடித்தபோது தேநீர் ஆறிவிட்டது. அனுப்புமுன் அவளும் பார்க்கட்டும் என்று வரைவை ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்.

வண்டி வரும் நேரம் ஆயிற்று. நடத்துநர் "கொழும்பு, கொழும்பு," என்று கூவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பதில் வந்தது.

"வாசிச்சனான் அக்கா. ஒரு திருத்தம். மூண்டாம் வரியில 'எங்கள் பிழை' எண்டு எழுதியிருக்கிறீங்கள். 'என்' எண்டு மாத்துங்கோ."

மாற்றினேன். அனுப்பிவிட்டு வண்டியில் ஏறினேன்.